ஆற்றில் ஒரு படி கீழே நின்றவள்

ஜூன் 12, புதன்

பள்ளிக்கூடம் திறந்து மூன்று நாள். ஒன்பதாம் வகுப்புக்குக் கம்ப்யூட்டர் பாடம் எடுத்தேன். மதியம் இதே பள்ளியில் வேலை பார்க்கும் கோமுவோடு சாப்பாடு. சாப்பிட்டுக்கொண்டே ஆளுக்கொரு காதில் இயர்போனை மாட்டி, புதிதாக ஒரு ஜப்பான் அனிமே தொடர் ஆரம்பித்தோம். சயோ என்று ஒரு பெண். அவள் தோழி மினே படகு விபத்தில் இறந்துபோகிறாள். சயோ கண்விழித்தால் நாட்கள் ஒன்பது பின்னால் போயிருக்கின்றன. மினே உயிரோடு எதிரே நிற்கிறாள். சயோ அவளைக் காப்பாற்றப் பார்க்கிறாள். முடியவில்லை. மறுபடியும் ஒன்பது நாள் பின்னால்.

"ஏட்டி எப்சி, இவளுக்கு அலுக்கவே அலுக்காதா?" என்றாள் கோமு.

அலுக்காது. எனக்குத் தெரியும்.

ஜூன் 21, வெள்ளி

சயோ விடாமல் திரும்பி வருவதன் காரணத்தை இன்று காட்டினார்கள். முதல் தடவை படகு கவிழ்ந்தபோது, மினே தன் மிதவைச் சட்டையைக் கழற்றி இவளுக்குப் போட்டுவிட்டிருக்கிறாள்.

எனக்குப் பதினொன்றாம் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. அம்மா மூன்று மாதம் ஆஸ்பத்திரியில். நான் பாதி நாள் வகுப்புக்கே போகவில்லை. பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் இருந்து படித்த கோமு தினமும் இரண்டு நோட்டு எழுதினாள், ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. படத்தைக்கூட இரண்டு தடவை வரைந்தாள். யாரும் எழுதச் சொல்லவில்லை. அப்போது நன்றி என்றுகூட நான் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் லேபில் அவளுக்கு முதல் வலிப்பு வந்தது. பக்கத்தில் நான் மட்டும்தான். வெளியே தெரியக் கூடாது என்று அவள் வீட்டில் சொன்னார்கள். பத்து வருஷமாக நானும் சொல்லவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

சயோவின் தந்திரங்கள்: முதலில் எல்லாரிடமும் சொல்லிப் பார்த்தாள், ஒருவரும் நம்பவில்லை. பிறகு மினேயின் டிக்கெட்டை ஒளித்துவைத்தாள். அதற்கும் பிறகு, மினே தன்னோடு வரக் கூடாது என்பதற்காகவே வேண்டுமென்று சண்டை போட்டாள். இப்போது யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. தனியாகவே எல்லாம்.

என் தந்திரங்கள் இவ்வளவு பெரிதில்லை. பஸ்ஸில் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து நான் வழியை அடைத்துக்கொள்வேன். அவள் கை கழுவப் போகும்போது பையைத் திறந்து மாத்திரை அட்டையில் எத்தனை குறைந்திருக்கிறது என்று எண்ணுவேன். ஆற்றுக்குப் போனால் அவளுக்கு ஒரு படி கீழே நிற்பேன். பாளையங்கோட்டையிலேயே கிடைத்த வேலையை விட்டுவிட்டுத் தினமும் கோமுவின் ஊரான கல்லிடைக்குறிச்சிக்கு ரயிலில் வருவதும் இதற்குத்தான். ரயில் பிரயாணம் பிடிக்கும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 7, ஞாயிறு

கோமுவைப் பெண் பார்த்துப் போனார்கள். மாப்பிள்ளை கணேஷ்ராம், கோவில்பட்டியில் இன்ஜினியர். நல்ல மாதிரியாகத் தெரிந்தார். ஆடி கழிந்து ஆவணியில் நிச்சயம்.

அவள் அப்பா சிவசங்கரன் மாமா வாசல்வரை வந்து மெதுவாகச் சொன்னார்: "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப்போவும். நீ வாயத் தொறந்துராத, என்ன?"

தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஜூலை 22, திங்கள்

அட்டையில் வியாழக்கிழமை எத்தனை இருந்ததோ அத்தனையே இன்றும் இருக்கிறது. நிறுத்திவிட்டாளா? முடி கொட்டுகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தாள். அதுதானா?

கேட்கலாமா? கேட்டால் பையைத் திறந்தது தெரிந்துவிடும் — கோபப்படுவாள் — வேண்டாம். இன்னும் பக்கத்திலேயே இருந்துகொள்கிறேன்.

ஆகஸ்ட் 3, சனி

கோமு உயிரோடு இருக்கிறாள். ஸ்தோத்திரம். இதற்கு மேல் இன்று எழுத முடியாது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆலயத்துக்குப் போகவில்லை. நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பதினெட்டாம் பெருக்குக்கு மூன்று பேர் ஆற்றுக்குப் போனோம். கோமு, நான், தமிழ் எடுக்கும் ஃபர்ஹத். ஃபர்ஹத் ஏரல்காரி, ஆற்றிலேயே வளர்ந்தவள். குளித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போயிருந்தோம். வழக்கம்போல நான் கோமுவுக்கு ஒரு படி கீழே. காற்றில் அவள் துண்டு பறந்தது. எடுக்க மேலே ஏறினேன். பத்துப் படி. திரும்பினால் கோமு இல்லை.

எனக்கு நீச்சல் தெரியாது. பத்து வருஷமாக ஆற்றில் காவல் நிற்கிறேன், நீச்சல் தெரியாது. இதை எழுதவே கூசுகிறது. கத்தத்தான் தெரிந்தது எனக்கு. அந்தப் பக்கமாக நீந்திக்கொண்டிருந்த ஃபர்ஹத் திரும்பி வந்து, முங்கி, முடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டாள். கோமுவுக்குக் கை கால் இன்னும் வெட்டிக்கொண்டிருந்தது. யாரோ அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். இன்னொரு அம்மா பல்லுக்கு நடுவே கரண்டியை விடப் பார்த்தாள். அதைத் தட்டிவிட்டு கோமுவை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். அதையாவது செய்தேன்.

ஆம்புலன்ஸில் ஃபர்ஹத் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டக் கேட்டாள்: "ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் ஏன் அங்கன தள்ளிப் போறேன்? பக்கத்துலயே நின்னுருப்பேனே எப்சி."



ஆகஸ்ட் 6, செவ்வாய்

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி. நுரையீரலில் தண்ணீர் போனது தெளிந்துவருகிறதாம். கோமுவே தொடரைப் போடச் சொன்னாள். ஒரு பாகம் ஓடியது. சயோ பதினோராவது தடவையாக மினேயின் பையிலிருந்து டிக்கெட்டை எடுக்கிறாள். கோமு நிறுத்திவிட்டாள்.

"இத்தன தடவ திரும்பி வந்தாளே. ஒரு தடவையாது அந்தப் பிள்ளகிட்ட, 'நீ என்ன நெனக்க'ன்னு கேட்டாளா?"

போனைக் கவிழ்த்துவைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீ என் பையில மாத்திர எண்ணுதது எனக்குத் தெரியும் ஏட்டி. காலேஜ்லருந்தே தெரியும். இந்தத் தடவ நிறுத்துனேம்லா, நீ கேப்பேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ கேக்கவே இல்ல."

கோபம் வந்தது எனக்கு. உனக்காகத்தானே இத்தனை வருஷம், என்று வாய்வரை வந்தது. வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டுத் திரும்பினேன். "மன்னிச்சிரு" என்றேன்.

"காவல் நிக்க வேண்டாம்னு சொல்லல. எங்கிட்ட சொல்லிட்டு நில்லு. நானும் கூட நிக்கேன்."

சயோ இதையெல்லாம் மினேக்காகச் செய்கிறாளா, மினே இல்லாத ஒரு நாளைத் தன்னால் தாங்க முடியாது என்றா? இரண்டும்தான். எனக்கும் அப்படித்தான். கோமுவைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அவளை அவள் உடம்பைப் பற்றிய பேச்சிலிருந்தே தள்ளி வைத்திருக்கிறேன். மாமா செய்ததும் இதைத்தானே.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

தொடர் முடிந்தது. சயோ கடைசியில் மினேயிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மினே கேட்ட முதல் கேள்வி: "அந்தப் படகில் மற்றவர்கள் எத்தனை பேர்?" இரண்டு பேருமாகத் துறைமுகத்தில் வழிமறித்துப் படகையே புறப்படவிடாமல் செய்கிறார்கள். கோமு கைதட்டினாள்.

பிறகு என்னை உட்காரச் சொல்லிவிட்டு கணேஷ்ராமுக்கு அவளே போன் செய்தாள். "எனக்கு வலிப்பு உண்டு. பத்து வருஷமா மாத்திர சாப்பிடுதேன். ஒங்க வீட்லயும் சொல்லிருங்க." அவ்வளவுதான். குரல் நடுங்கவில்லை. வைத்தபிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். 

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மாப்பிள்ளை வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கணேஷ்ராமே கூப்பிட்டுச் சொன்னாராம்: "அம்மாவ மீற எனக்குத் தைரியம் இல்லைங்க." கோமு இரண்டு நாள் அழுதாள். மாமா என்னோடு பேசுவதில்லை.

செப்டம்பர் 14, சனி

மாமாவே கோமுவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு வந்தார். பத்து வருஷத்தில் முதல் தடவையாக உள்ளே வந்து உட்கார்ந்தார். முடி கொட்டுவதைக் கோமு சொன்னதும் டாக்டர் மாத்திரையை மாற்றினார். மாமா மூன்று கேள்வி கேட்டார். கடைசிக் கேள்வி, "இனி நான் என்ன செய்யணும்?" வெளியே வந்து மூன்று காபி சொன்னார். ஒன்று எனக்கு.

அக்டோபர் 9, புதன்

ஆசிரியர்கள் அறையில் கோமுவே எழுந்து நின்று சொன்னாள்: எனக்கு வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கையில் சாவி வேண்டாம், நேரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆம்புலன்ஸ். அம்மையப்பன் சார் எழுந்து நின்று கேட்டார், என்னவோ தேசிய கீதம் மாதிரி. ஒன்பதாம் வகுப்பிலும் போய்ச் சொன்னாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

ஃபர்ஹத் எனக்கு நீச்சல் சொல்லித்தருகிறாள். மூக்கெல்லாம் தண்ணீர். கோமு கரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

நவம்பர் 21, வியாழன்

ஏரலில் ஃபர்ஹத்தின் அக்கா மகள் கல்யாணம். ஃபர்ஹத் நேற்றே போய்விட்டாள். நானும் லீவு போட்டுப் போனேன். கோமுவுக்குப் பரீட்சை வேலை, வர முடியவில்லை.

பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது அம்மையப்பன் சார் போன். மூன்றாவது பீரியடில் கோமுவுக்கு வலிப்பு வந்ததாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே பெஞ்சை நகர்த்தி, மெதுவாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஒருத்தி கடிகாரத்தைப் பார்த்திருக்கிறாள். ஒரு நிமிஷம் இருபது வினாடி.

போனைக் கோமு வாங்கினாள். குரலில் தூக்கம். "நல்லாருக்கேன். அப்பா வந்துட்டாங்க. நீ ஓடி வந்துராத, என்ன? பிரியாணி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றேன்.

வைத்துவிட்டு, ஃபர்ஹத் இன்னொரு கரண்டி போட வந்தபோது இலையைக் காட்டினேன். முழுதும் சாப்பிட்டேன்.