போட்டர் மகாராசாவின் வம்சம்

மச்சான்,

உன் வீட்டுப் படலைத் தூணில் இன்னும் தார் மணக்கிறது. அரசாங்கம் ஆள் எண்ணுகிறது என்று வீடு வீடாக இலக்கம் போட்டுக்கொண்டு போனார்கள். உன் இலக்கம் காயுமுன்னமே வெயிலில் உருகி, கால் முளைத்துக் கீழே வழிந்துவிட்டது. அந்த மணம் மூக்கில் ஏறிய கையோடு நீ எனக்குப் பின்னால் நின்று செருமினாய். திரும்பிப் பார்த்தேன். கிளுவை வேலியில் ஓர் ஓணான் மட்டும் தலையாட்டியது. இப்போதெல்லாம் நீ இப்படித்தான் வந்து போகிறாய்.

குடிசன மதிப்பு, தோம்பு என்ற சொற்களைக் கேட்டால் உனக்குச் சோறு தேவைப்படாது. நொத்தாரிசு கந்தோரில் ஊராரின் காணி உறுதிகளை எழுதி எழுதி, எந்த வளவு யாருடைய சீதனம் என்று கடவுளுக்கே தகவல் கொடுக்கக்கூடிய ஆள் நீ. அது போதாதென்று, ஊரில் முதன்முதல் குடியேறியவர்களின் சரித்திரத்தை எழுதப் புறப்பட்டாய். சனிக்கிழமைகளில் உன்னைச் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு, அரசாங்கத்தின் பழைய ஏடுகள் கிடக்கும் கச்சேரிக்கு மிதித்தவன் நான். சரித்திரத்தின் முழுப் பாரமும் என் முழங்காலில்தான் இறங்கியது.

ஒல்லாந்தர் ஆளையும் காணியையும் எண்ணி எழுதிய அந்தப் பழைய தோம்பில் ஒருநாள் உன் பரம்பரை வளவைக் கண்டுபிடித்தாய். குடும்பத் தலைவன் என்ற இடத்தில் ஒரேயொரு சொல்: போட்டர். அதற்குக் கீழே, பெயரில்லாமல், ஒரு பெண்சாதியும் பிள்ளைகளும்.

"உதென்ன பேரடா மச்சான்? ரெயில் ஸ்ரேசனிலை மூட்டை தூக்கினவரோ?" என்றேன்.

நீ செருமினாய். "விசர்க் கதை கதையாதை. ஒல்லாந்தனுக்கு நாக்குப் பிரளாது. போத்தரையர் எண்டு சொன்னதைப் போட்டர் எண்டு எழுதிப்போட்டான். போத்தரையர் ஆர் தெரியுமோ? பல்லவ மகாராசாக்கள்!"

அன்றைக்கே நான் அவருக்கு முடிசூட்டிவிட்டேன். அவர் காங்கேசன்துறையில் வந்து இறங்கியபோது கடல் பின்வாங்கி வழிவிட்டது என்றும், கப்பலில் கொண்டுவந்த நாற்பது யானைகளும் அளவெட்டி மேளத்துக்குத் தாளம் தப்பாமல் தலையாட்டின என்றும் தேத்தண்ணிக் கடையில் பரப்பினேன். நீ என்னைத் தனியே இழுத்துப் போய், "யானையைக் குறை மச்சான். சரித்திரம் எண்டால் நாலு போதும்" என்று கெஞ்சினாய்.

உனக்கு வாழ்க்கைப்பட்ட என் தங்கச்சி மட்டும் மயங்கவில்லை. "இஞ்சாருங்கோ மகாராசா, துலாக்கயிறு அறுந்துபோய்க் கிடக்கு. பல்லவ தேசத்திலை தண்ணி அள்ளுறேல்லையோ?"

பிறகு ஊர் முழுக்கப் போன வழியிலே நீயும் மலாயாவுக்கு உத்தியோகத்துக்குப் போனாய். அங்கே முதலில் குடியேறிய நம்மவர்களின் கதையையும் எழுதிக்கொண்டு வருவதாகச் சொன்னாய். யப்பான்காரன் வந்தான். சண்டை முடிந்து திரும்பியவர்களில் ஒருவன், சயாம் ரெயில் பாதை வெட்ட உன்னை ஏற்றிக்கொண்டு போனதைக் கண்டேன் என்றான். மற்றவன், அது நீயில்லை என்றான். அதற்கு மேல் எவனிடமும் ஒரு சொல் இல்லை.

தங்கச்சி இன்னும் குங்குமம் வைக்கிறாள். ஊர்ச்சனம் அவளோடு கதைக்கும்போது கண்ணைப் பார்ப்பதில்லை, நெற்றியைப் பார்க்கிறது. ஆடி அமாவாசையன்று தகப்பனை இழந்தவர்கள் கீரிமலையில் முழுகி எழும்ப, உன் மகன் இறங்குவதா திரும்புவதா என்று தெரியாமல் கரையில் நிற்கிறான்.

முந்தாநாள் பின்னேரம் உன் வீட்டுக்கு ஆள் எண்ணுகிறவர் வந்தார். மானிப்பாய்ப் பக்கத்து இளம் வாத்தியார். விறாந்தையில் உட்கார்ந்து பேனையைத் திறந்தார்.

"அக்கா, புருசன்ரை பேர்?"

தங்கச்சி என்னைப் பார்த்தாள். பெயரைச் சொன்னால் புருசனுக்கு ஆயுள் குறையும் என்று நம்புகிறவள் அவள். அவளுக்காக நான்தான் சொல்லவேண்டும். என் வாய் நிறைய வெற்றிலை. அதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"அவர் போட்டார்."

வாத்தியாரின் பேனை நின்றது. "மோசம் போட்டாரோ? அப்ப விதவை எண்டு எழுதவோ?"

"போட்டார் எண்டுதான் சொன்னனான். மலாயாவுக்குப் போட்டார். செத்தவர் எண்டு ஆர் தம்பி உமக்குச் சொன்னது?"

மச்சான், என் தாடை அப்படியே நின்றுவிட்டது. 'போய்விட்டார்' என்பதை எங்கள் வாய் தேய்த்துத் தேய்த்துப் 'போட்டார்' ஆக்கி எத்தனை தலைமுறையோ! அதே முற்றத்தில் இன்னொருத்தி நிற்பதைக் கண்டேன். இடுப்பில் பிள்ளை. எதிரே தோம்பு எழுத வந்த ஒல்லாந்தக் கந்தோர்க்காரன். புருசன் பெயரைக் கேட்கிறான். அவள் பெயரைச் சொல்லவில்லை. "அவர் போட்டார்" என்கிறாள். அவன் தலையை ஆட்டிவிட்டு எழுதுகிறான்: போட்டர்.

உன் மகாராசாவுக்குப் பெயரே இல்லையடா. அவன் வந்து இறங்கினவனல்ல. படலையைத் திறந்துகொண்டு போனவன். எங்கே போனான், திரும்பினானா, எவருக்கும் தெரியாது. நின்றவள்தான் உங்கள் எல்லோரையும் பெருக்கினாள். அவள் பெயரை எவனும் எழுதவில்லை.

"எண்ணுற அண்டைக்கு வீட்டிலை நிக்கிற ஆக்களைத்தான் எழுதலாம்," என்றார் வாத்தியார் தயங்கித் தயங்கி. "அவரை எழுதேலாது. ஆனால் அக்காவுக்கு ஏதும் ஒண்டு போடவேணும். கலியாணம் முடிச்சவவோ, விதவையோ?"

"அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ," என்றாள் தங்கச்சி. அவள் கை தாலிக்கொடியைப் பிடித்திருந்தது.

நான் எழும்பிப் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தேன். அந்த நாலு அடிக்குள் உன்னைச் சாகடிக்கவும் உயிர்ப்பிக்கவும் எனக்கு அதிகாரம் இருந்தது. இராசாக்களை உண்டாக்கியவனுக்கு அது பெரிதா? பெரிதாகத்தான் இருந்தது.

"கலியாணம் முடிச்சவ," என்றேன். "தம்பி, குடும்பத் தலைவர் எண்ட இடத்திலை அவவின்ரை பேரை எழுதும். முழுப்பேரையும். ஒரு எழுத்துப் பிசகினாலும் படலை தாண்ட விடமாட்டன்."

அவர் பயந்து பயந்து எழுதினார். தங்கச்சி எட்டிப் பார்த்துத் தன் பெயரை ஒருமுறை வாய்க்குள் வாசித்தாள்.

அவர் போன பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க அடக்க வந்தது. இவ்வளவு காலம் பகிடி விட்டுத் திரிந்தவனுக்கு, உலகத்தின் தலைசிறந்த பகிடி ஒன்று தானாக வந்து மடியில் விழுந்திருக்கிறது. அதைக் கேட்டு முதலில் கோபித்து, பிறகு கிணற்றுக்கட்டில் விழுந்து உருண்டு சிரிக்கக்கூடிய ஒரே மனிதன் நீ.

"என்ன அண்ணை, தனியச் சிரிக்கிறியள்? கண்ணாலையும் வடியுது."

சொன்னால், அவள் வாயிலிருந்து வந்த சொல்லையே எடுத்து, தோம்பில் அந்தச் சொல்லுக்குரியவன் திரும்பி வந்ததாக எவருக்கும் தெரியாது என்பதையும் சேர்த்து, அவள் கையில் கொடுக்கவேண்டும்.

"ஒண்டுமில்லை," என்றேன்.

நான் என் வாழ்நாளில் சொன்ன பொய்களில் மிகச் சிறியது அதுதான், மச்சான். அதைத்தான் எங்கே இறக்கிவைப்பது என்று தெரியவில்லை.