குண்டு ஒரு பெட்டி, துப்பாக்கி ஒரு பெட்டி

அன்புள்ள கெய்லின்,

நீயும் உன் அம்மாவும் நலமா? டக்கோட்டா குளிர் என்னை இன்னும் தின்று தீர்க்கவில்லை. எண்ணெய்க் கிணற்று வேலை ஓடுகிறது.

பயப்படாதே, சின்ன விஷயம்தான். பின்விளக்கு எரியவில்லை என்று ஒரு போலீஸ்காரர் காரை நிறுத்தினார். டிக்கியில் கைத்துப்பாக்கி இருப்பதை நானே சொன்னேன்.

"கடைல வாங்கினியா?"

"இருபது வயசுக்காரனுக்குக் கடைல தர மாட்டாங்க சார். அப்பா குடுத்தது."

பூட்டிய பெட்டியைப் பார்த்தார். "குண்டு எங்க?"

"வேற பெட்டில சார்."

"அப்படித்தான் தனித்தனியா இருக்கணும்" என்று அனுப்பிவிட்டார்.

உனக்கென்ன, என்னைவிட ஆறு மாதம் மூத்தவள். இருபத்தொன்று ஆனதும் கடையிலேயே வாங்கிவிட்டாய். நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். குறி பார்ப்பது நீ, உன் முழங்கையைப் பக்கத்து வீட்டு ரஸ்டி எதற்குப் பிடித்திருக்கிறான்? சுடக் கற்றுக்கொடுக்கிறானாம். பள்ளிக்கூட நாளிலேயே என்னைத் தோற்கடித்தவளுக்கு.

கம்பளிக் காலுறை அனுப்பு. உன் தலையணை உறையையும் துவைக்காமல் அனுப்பு.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. ரஸ்டியோடு சுடப் போவதானால் போ. அவன் குண்டை எடுத்துக்கொண்டு அவன் வண்டியில் வரட்டும், நீ துப்பாக்கியோடு உன் வண்டியில் போ. போலீஸ்காரரே சொல்லியிருக்கிறார்.

உன் கணவன்,
டால்ட்டன்