சோத்தாங்கைப் பக்கம் நுழையும் ஒயர்

என் ஆசை கோபி,

உன் வீட்டுக் கூடத்தில் நான் குப்புற விழுந்து உன் கிட்டார் பெடல் பலகையைக் கும்பிட்டதாகத் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். வேட்டி அவிழ்ந்தது உண்மை. கும்பிடவில்லையடா, ஒயர் மாட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னலில் எட்டிப் பார்த்தவர்களுக்கு என் பின்பக்கம்தான் தெரிந்திருக்கிறது.

நீ போன அன்று வீடு நிறைய ஜனம். உன் அக்கா வந்ததும் வராததுமாகப் பலகையில் கிடந்த கிட்டார் ஒயர்களைப் பார்த்திருக்கிறார். தறிக்காரர் வீட்டுப் பெண்ணுக்குச் சிக்கைக் கண்டால் கை சும்மா இருக்குமா? அழுதுகொண்டே ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பட்டு நூல் மாதிரி சுற்றி, முடிச்சுப் போட்டு வைத்துவிட்டார். பெடல்கள் பலகையோடு ஒட்டியிருந்ததால் தப்பின.

உன் பெண்டாட்டி மல்லிகா கேட்டது ஒன்றுதான். கடைசிப் பெடல், வாசித்ததைப் பிடித்துவைத்துத் திரும்பத் திரும்ப ஒலிக்குமே, அதில் உன் வாசிப்பு மிச்சம் இருக்கும். வருஷத் திதிக்கு முன்னால் ஒரு தடவை கேட்க வேண்டும். "அவரு பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தது நீதாண்ணா" என்றாள். மெல்லிசைக் குழுவில் பாட்டுக்கு நடுவே ஜோக் சொல்கிறவனையும் நம்ப ஒருத்தி இருக்கிறாள், பார்.

புத்தகம் படிக்கிற மாதிரி இடமிருந்து வலமாக மாட்டினேன். விளக்கெல்லாம் எரிந்தது, சத்தம் இல்லை. மத்தியானம் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு உன் குரல் ஞாபகம் வந்தது: "சோத்தாங்கைப் பக்கமா உள்ள பூந்து பீச்சாங்கைப் பக்கமா வெளிய வரும்டா. இது கூடவா தெரியாது?" அந்தத் திட்டைக் கேட்க இன்னும் எத்தனை தடவை வேண்டுமானாலும் தப்பாக மாட்டுவேன். திட்டத்தான் நீ இல்லை.

எல்லாவற்றையும் பிடுங்கி மாற்றினேன். கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் உள்ளே இருப்பது அழிந்துவிடும் என்று மிரட்டுவாயே. அதனால் கட்டைவிரலால் தொட்டவுடன் எடுத்துவிட்டேன்.

வந்தது. சின்னத் துண்டு, நடுவில் ஒரு தடுக்கல். மல்லிகா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் மாலையோடு நீ.

கிளம்பும்போது வாசலில் நிறுத்திச் சொன்னாள்: "அது நீ வாசிச்சதுதானேண்ணா. அவரு எங்க தடுக்கப் போறாரு."

செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

"பரவால்ல. பெடல அழுத்தனது அவரு காலுதானே? வேற யாரையும் தொட உடமாட்டாரே."

ஆமாம்மா என்றேன்.

உன் வாசிப்பில் ஒரு துண்டுகூட ஏன்டா விட்டுவைக்கவில்லை?

இனி வெள்ளிக்கிழமைதோறும் வந்து அவளுக்குப் போட்டுக் காட்டுவேன். அதை அழிய விடமாட்டேன், இது சத்தியம். மல்லிகா நான் எழுதுவதைப் படிப்பதில்லை, சிரிப்பே வரவில்லையாம். அதனால் உன்னிடம் சொல்லலாம். வாலாஜாபாத் கல்யாணத்தில், அதுதான் நம் கடைசிக் கச்சேரி என்று தெரியாமல், நீ பந்தியில் உட்கார்ந்திருந்தபோது நான் உன் கிட்டாரை எடுத்து வாசித்துப் பார்த்தேன். பெடலை அழுத்தியதும் நான்தான்.

மல்லிகாவுக்கு அண்ணன், ஆகவே உனக்கு மச்சான்,
சண்முகம்