மனுவில் முதல் பெயர்

மேற்பிரிவு லயம்,
ஹேவாஹெட்ட.
செப்டெம்பர் 9

அன்புள்ள தர்ஷிகா அப்பாவுக்கு,

உங்கள் மனைவி ஞானேஸ்வரி எழுதுவது. நானும் பிள்ளையும் சுகம். கட்டாரில் வெயில் எப்படி என்று கேட்கத்தான் நினைத்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் பேசிய பேச்சுக்குப் பிறகு நலம் விசாரிக்க மனசு வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது. "ஒன் பேர எதுக்கு மொத ஆளா போட்ட? போய் வெட்டிட்டு வா" என்றீர்கள். நான் வாய் திறப்பதற்குள் வேலைக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டீர்கள். கடிதத்தில் அப்படி வைக்க முடியாது. உட்கார்ந்து முழுவதையும் வாசியுங்கள்.

நம் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மேட்டு மண் வெடித்திருப்பது உங்களுக்குத் தெரியாததா? சமதரையில் இடம் கேட்டு எல்லாரும் போய்விட வேண்டும் என்ற யோசனையே உங்களுடையதுதானே! ஆறு வருஷமாக ஒவ்வொரு லீவிலும் வந்து வாயாலேயே வீடு கட்டினீர்கள். நீங்கள் போன பிறகு தலைவர் நிரோஷனும் மற்ற ஆண்களும் கோயிலில் கூடி நாலு ஞாயிறு அதையே பேசினார்கள். தேத்தண்ணி ஊற்றியது நாங்கள். கடைசியில் நான் பிரதேச செயலகக் கந்தோரில் விசாரித்தால், நம் பதினொரு குடும்பத்தைப் பற்றி அங்கே ஒரு துண்டுக் கடதாசி இல்லை. கேட்டதற்கு, "தோட்டத் தொரகிட்ட வாயால சொல்லியாச்சு தங்கச்சி" என்கிறார் நிரோஷன். வாயால் சொன்னதைக் கேட்டு மழை நிற்குமா?

அன்றைக்கே ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன். பிள்ளை மடுவத்தில் குழந்தைகள் தூங்கும் நேரத்தில் எழுதினேன். வெடிப்பு எங்கே தொடங்குகிறது, எந்தக் காம்பராவுக்கு எத்தனை அடி, யார் யார் குடியிருக்கிறோம், எந்தத் திகதிக்குள் யார் போய்க் கேட்பது, எல்லாம். பக்கத்துக் காம்பரா நல்லம்மாக்கா தினமும் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து வெடிப்பைப் பார்த்துச் சொன்னார். முதல் நாள் விரல் நுழைந்தது. பதினேழாம் நாள் கை நுழைந்தது. இரண்டையும் ஒரே பக்கத்தில் பார்த்த அன்றே மனு எழுத உட்கார்ந்தேன். அதுவரை நானும் சும்மா பேசிக்கொண்டுதான் இருந்தேன்.

மனு எழுதிக் கையெழுத்துக்குப் போனால், ஒருவரும் முதலில் போட மாட்டோம் என்றார்கள். முதல் ஆளைத்தான் துரை பிடிப்பார் என்ற பயம். நம் ஆட்கள் எப்போதும் செய்கிற மாதிரி, சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வட்டம் போட்டு, சுற்றிவரக் கையெழுத்து வைத்தோம். யார் முதல், யார் கடைசி என்று யாருக்கும் தெரியாது. பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நானும் நினைத்தேன். இரண்டு பஸ் மாறிக் கொண்டுபோனேன். கந்தோரில் இருந்த உத்தியோக நோனா தாளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, விண்ணப்பக்காரர் யார், பதில் யாருக்கு அனுப்புவது என்று கேட்டார். எல்லாரும்தான் என்றேன். எல்லார் பெயரிலும் பைல் திறக்க முடியாது, பொறுப்புக்கு ஓர் ஆள் வேண்டும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வந்து சொன்னேன். அத்தனை ஆண்களும் கூரையைப் பார்த்தார்கள். நிரோஷன் இன்னொரு கூட்டம் வைப்போம் என்றார். எனக்கு வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன், அதை இங்கே எழுதினால் நன்றாக இருக்காது. அங்கேயே உட்கார்ந்து மனுவைப் புதுத் தாளில் எழுதி, விண்ணப்பக்காரர் இராமகிருஷ்ணன் ஞானேஸ்வரி என்று போட்டேன். மறுநாள் கொடுத்து, சீல் வைத்த பிரதியும் வாங்கியாயிற்று.

துரை கூப்பிட்டார். பிள்ளை மடுவத்து வேலை நிரந்தரம் இல்லை என்று எனக்கு ஞாபகப்படுத்தினார். பயமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லவில்லை. ஆனால் என் பெயரை எடுத்தால் பைலை மூடிவிடுவார்கள். பதினெட்டாம் திகதி மண்ணைப் பார்க்க அதிகாரிகள் வருவதாக எழுத்தில் வந்திருக்கிறது. பைல் இல்லையென்றால் யாரும் வரமாட்டார்கள். அடுத்த மாதம் மழை தொடங்கிவிடும். தர்ஷிகா அந்தப் பின்சுவர் ஓரமாகத்தான் படுக்கிறாள். இதெல்லாம் தெரிந்தும் வெட்டு என்று சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வந்தது?

அக்குறணைக் கடை ஜமால்தீன் நானா தன் மகனைப் பார்க்க நாளைக்குத் தோகாவுக்கு வருகிறார். இதை அவரிடம்தான் கொடுத்து அனுப்புகிறேன். பதினேழாம் திகதி திரும்பிவிடுவார். என் பெயரை வெட்டத்தான் வேண்டும் என்றால் போனில் சொல்ல வேண்டாம். உங்கள் கைப்பட ஒரு வரி எழுதி, கையெழுத்து வைத்து அவரிடம் கொடுத்தனுப்புங்கள். பதினொரு வீட்டுக் கதவையும் தட்டி அதை வாசித்துக் காட்டிவிட்டு, நானே போய் வெட்டிவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். அந்த வரியை எழுத உங்களுக்குக் கை வரக் கூடாது என்று ஆத்தாளைக் கும்பிட்டுக்கொண்டிருக்கும்,

உங்கள்
ஞானேஸ்வரி