விதைக்க மறந்த பாத்தி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. முந்தாநாள் போனில் நீ, “அவங்க கேக்கற இடத்துல கையெழுத்தப் போட்டுட்டு வாம்மா, உனக்கெதுக்கு வம்பு” என்றாயே, அப்போதே பதில் சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன், அதனால்தான் கடிதம்.

முழுசாகக் கேள். எங்கள் மண் ஆய்வுக்கூடத்தில் பதினாறு பாத்திகள், எட்டில் மண்புழு விட்டோம், எட்டில் விடவில்லை. எல்லாவற்றிலும் மக்காச்சோளம் விதைப்பது என் பொறுப்பு. புழு விட்டதில் ஒரு பாத்தியை விதைக்க மறந்துவிட்டேன், அன்றுதானே உன்னை விமானம் ஏற்றிவிட்டு வந்தேன், கண்ணில் பாத்தி எங்கே தெரிந்தது? புழு சருகைத் தின்று போடுகிற எச்சத்தில் தழைச்சத்து நிறைய, நம் ஊர் வெக்கைக்கு அது சீக்கிரமே தண்ணீரில் கரைகிற உப்பாகிவிடும். பயிர் நின்ற இடத்தில் வேர் அதை உறிஞ்சிக்கொண்டது, சோளம் என் உயரத்துக்கு நின்றது. ஆனால் பெருமழைக்குப் பிறகு, ஒவ்வொரு பாத்திக்கும் அடியில் வடிகிற தண்ணீரைப் பிடிக்க வைத்திருக்கிற கேன்களில், நான் மறந்த வெறும் பாத்தியின் கேன் தண்ணீரைச் சோதித்தால் மற்றக் கேன்களைவிட ஆறு மடங்கு சத்து! பிடித்துக்கொள்ள வேர் இல்லை, புழு போட்ட துளை வழியாகவே இறங்கியிருக்கிறது.

எங்கள் தலைவர், அதுதான் கஞ்சிச் சட்டைக்காரர், அந்தக் கேன் கணக்கு இருந்த பக்கத்தை எடுத்துவிட்டு, மண்புழு விட்டால் எந்த நிலத்திலும் உரம் பாதி போதும் என்று அறிக்கை எழுதி என் கையெழுத்துக்கு நீட்டுகிறார். “அது நீங்க செஞ்ச தப்புதானேம்மா, வெளிய தெரிஞ்சா உங்களுக்குத்தான் அசிங்கம்” என்று கரிசனம் வேறு. ஆமாம், தப்பு என்னுடையதுதான், பதிவேட்டில் நானே எழுதி வைத்திருக்கிறேன். கேனில் இருந்தது தப்பில்லையே! அவர் பேச்சை நம்பி யாராவது வெறும் நிலத்தில் புழுவை விட்டால் சத்து கிணற்றுத் தண்ணீரில் போய்ச் சேரும், பிறகு விதைக்கிற பயிர் மஞ்சளடிக்கும், பாவம் புழுவுக்குக் கெட்ட பெயர். ஏழாவதில் முப்பத்துநாலு மார்க்கை எண்பத்துநாலாக்கிக்கொண்டு வந்து நீ அழுத அழுகைக்கே கையெழுத்துப் போடாதவள் நான், இவருக்கா போடுவேன்? முடியாது என்று எழுதியே கொடுத்துவிட்டேன். என் மேசையைச் சாமான் அறைக்கு மாற்றிவிட்டார்கள். மாற்றட்டும், அங்கே ஜன்னல் பெரிசு. “உங்கம்மாவ அங்க வச்சதுக்கு அந்தாளுதான் வருத்தப்படணும்” என்கிறார் அப்பா.

ஒரு பாத்தியை வைத்து என்ன சொல்ல முடியும் என்று தலைவர் கேட்டது மட்டும் நியாயம். சோளம் அறுத்தாகிவிட்டது, அடுத்த விதைப்பும் என் பொறுப்புதான். புழு உள்ளதில் நாலு பாத்தியை விதைக்காமல் விட்டு, அடியில் கேன் வைத்து, பதிவேட்டில் தேதி போட்டு, ‘மறதி அல்ல’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

நீ நினைத்ததெல்லாம் நடக்க வேண்டும், நோய்நொடி அண்டாமல் இருக்க வேண்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. இனி போன் செய்தால் கையெழுத்தைப் பற்றிக் கேட்காதே, மழை வந்ததா என்று கேள்.

உன் பிடிவாதக்கார
அம்மா