ரெண்டு நாள் பட்டினி

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்க முட்டி வலி எப்படி இருக்கு? அம்மா சௌக்கியமா? நான் தேறிட்டு வர்றேன்.

குடலிறக்க ஆபரேஷன் முடிஞ்சு பத்து நாள் ஆச்சு. டாக்டர் சர்க்கரையைக் காரணம் சொல்லி ஆபரேஷனைத் தள்ளிப் போட்டா வேலை போயிடும்னு பயம். அதனால ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி, சர்க்கரை குறைச்சலாக் காட்ட நீங்க செய்யற மாதிரியே ரெண்டு நாள் பட்டினி கிடந்தேன். டாக்டர் ஏமாந்துட்டார், புண்ணு ஏமாறல. தையல்ல கொஞ்சம் சீழ் வச்சிருக்கு, அவ்வளவுதான்.

உங்க முட்டி ஆபரேஷனுக்கு இந்த வித்தையைக் காட்டாதீங்கப்பா. உள்ளதைச் சொல்லிடுங்க. என் பழைய சர்க்கரை மாத்திரைச் சீட்டை அனுப்பி வைங்க, டாக்டர்கிட்ட காட்டணும்.

இதோ, கட்டு மாத்த நர்ஸ் வர்றாங்க. நேத்து, "கூட யாராச்சும் வந்திருக்காங்களா?"ன்னு கேட்டாங்க. "அப்பா வெளியில உட்கார்ந்திருக்கார்"னு சொல்லிட்டேன்.

"உள்ளே கூப்பிடவா?"ன்னாங்க.

"வேணாம், அவருக்கு முட்டி வலி"ன்னேன்.

உங்க சின்னவன்