கையை விரித்தவள்

9 ஜூலை 2008

எழில் இன்றும் தன் கையைக் கடித்துக்கொண்டாள். பதினெட்டு வயது, பேச்சு வராது. பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் வழியில் அவள் அம்மா குருவம்மாள் எங்கள் சிறப்புப் பிள்ளைகள் மையத்தில் விட்டுப் போகிறார். குறிப்பில் ‘அடம்’ என்று எழுதினேன். பயிற்சி டீச்சர்களான எங்களுக்குப் பிள்ளைகளின் நடத்தை பற்றிச் சொல்லித்தரும் லட்சுமிகாந்தம் சார் அதை அடித்துவிட்டார்.

“அடம்னு எழுதாதீங்க ருமானா. கடிக்கிறதுதான் அவ பேச்சு. என்ன சொல்றான்னு பாருங்க.”

மனுஷன் நன்றாகத்தான் பேசுகிறார்.

14 ஜூலை

பார்த்தேன். பிடிக்காத சாப்பாடு, பிடிக்காத சத்தம், எதற்கும் கடிதான். ‘வேண்டாம்’ என்று சொல்ல அவளிடம் பல்லை விட்டால் வேறு என்ன இருக்கிறது? கடிக்குப் பதிலாக வேறு வழி பழக்க வேண்டும். அதுதான் எனக்குத் தேர்வு. பழகினால் சான்றிதழ்.

2 ஆகஸ்ட்

சார் கொடுத்த பட அட்டைகளை எல்லாம் கிழித்துவிட்டாள். கடையில் சரக்கு இல்லையென்றால் எங்கள் அத்தா வாயே திறக்க மாட்டார், இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். அதையே பழக்குகிறேன். அவள் கையைப் பிடித்து விரிப்பேன், வேண்டாததை அந்த நொடியே எடுத்துவிடுவேன். ஒருதடவை எடுக்காமல் விட்டாலும் அப்புறம் நம்ப மாட்டாள்.

30 ஆகஸ்ட்

விரித்துவிட்டாள். தானாகவே, உப்புமாவைப் பார்த்து. தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். உப்புமாவுக்கு யார்தான் விரிக்க மாட்டார்கள்.

“இனி கைப்புண்ணு ஆறிரும்ல டீச்சர்” என்று குருவம்மாள் அழுதார். நானும் அழுதேன்.

17 அக்டோபர்

மையத்துக்குப் புதுக் கட்டடம் தருவதாகச் சொன்ன பட்டாசு முதலாளி வந்தார். தீபாவளிக்கு எங்கள் பிள்ளைகளோடு போட்டோ வேண்டுமாம். எழிலுக்கு நெருப்பு என்றால் பயம். பற்றவைத்த கம்பி மத்தாப்பை அவளிடம் நீட்டினார். அவள் கடிக்கவில்லை, கத்தவில்லை. இரண்டு கையையும் விரித்தாள். எனக்கு அம்புட்டு சந்தோஷம்.

முதலாளி முகம் கறுத்தது. “என்னய்யா இது, சீசன் நேரத்துல மூஞ்சிக்கு நேரா வெறுங்கைய விரிக்கா. வெளங்குமா?”

சார் என்னைப் பார்த்தார். “அடம் புடிக்கிறா. கையப் பிடிங்க ருமானா.”

அடம். அவர் வாயாலேயே.

பிடித்தேன். விரல்களை மடக்கி மத்தாப்பைத் திணித்து, போட்டோ முடியும்வரை விடவில்லை. என் பிடிக்குள்ளேயே அவள் திரும்பத் திரும்ப விரிக்கப் பார்த்தாள். அந்தக் கையால்தான் மத்தியானம் சோறு தின்றேன். சீ.

18 அக்டோபர்

ஏன் பிடிக்கச் சொன்னீர்கள் என்று சாரிடம் கேட்டேன். “கட்டடம் வேணுமா, வேணாமா? நான் என்ன செய்ய?” என்று கையை விரித்துவிட்டார். ஊருக்குத்தான் உபதேசம்.

குருவம்மாளிடம் நானே சொன்னேன். “நீங்களுமா டீச்சர் புடிச்சீக?” என்றார். ஏசியிருந்தால் பரவாயில்லை.

24 அக்டோபர்

சான்றிதழ் வந்துவிட்டது. ‘மிக நன்று’. அந்தப் போட்டோவையும் சட்டம் போட்டு ஆபீசில் மாட்டியிருக்கிறார்கள். அதில் எழில் கை தெரிகிறது, அதன்மேல் என் கையும் தெரிகிறது.

அவளுக்குப் பிடித்த லட்டு எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையை விரித்தாள். லட்டை அப்பால் வைத்தேன். மறுபடியும் விரித்தாள், என் முகத்தைப் பார்த்து.

“பாத்தீங்களா, எம்புட்டு அழகா கத்துக்கிட்டா” என்றார் சார்.

வேண்டாததை அந்த நொடியே எடுத்துவிட வேண்டும். எழுந்து வெளியே வந்துவிட்டேன்.